முதல் டிசம்பரில் ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள், தம்பி

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து அக்டோபரில் ஜெர்மனியின் கொலோனுக்கு வேலைக்கு வருகிறேன், மனைவியும் நாலு வயது மகளும் கூட வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். குளிர் கோட்டு எங்கே வாங்குவது, அரிசி பருப்பு கிடைக்குமா, வாடகை எவ்வளவு, மனைவிக்கு வேலை கிடைக்குமா, டிசம்பரில் எத்தனை நாள் லீவு, அந்த லீவில் ஊருக்குப் போய் வரலாமா. கடைசியில் ஒரு வரி: "நமக்குக் கிறிஸ்துமஸ் எல்லாம் கிடையாதே அண்ணா, அந்த இரண்டு வாரம் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது?"

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு 1998 டிசம்பர் 24 நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்லப்போகிறேன். மற்றதையெல்லாம் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கோட்டு இங்கே வந்து வாங்குங்கள், அங்கே விற்பது இந்த ஈரக் குளிருக்குத் தாங்காது. அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது. மனைவிக்கு முதலில் ஜெர்மன் மொழி, அப்புறம் வேலை. வாடகை நிலவரத்தை இப்போது வீடு தேடிக்கொண்டிருப்பவர்களிடம் கேளுங்கள், நான் இதே வீட்டில் பதினேழு வருஷமாக இருக்கிறேன்.

நான் திருச்சிக்காரன். 1998 அக்டோபரில் மேல்படிப்புக்கு வந்தேன். ஒரு பழைய வீட்டின் உச்சியில், கூரை சரிந்து தலையில் இடிக்கும் ஓர் அறை. தரைத்தளத்தில் வீட்டுக்கார அம்மா, எழுபது வயது, கணவர் இறந்துபோனவர். கிறிஸ்துமஸ் 25ஆம் தேதி, அன்று கடை இருக்காது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். 24 வியாழக்கிழமை. முந்தின இரவு வெகுநேரம் படித்துவிட்டு மதியம் எழுந்து, மூன்று மணிக்குத் துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைக்குள் விளக்கு அணைந்திருந்தது. வெளியே தள்ளுவண்டிகளை ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அடுத்த தெரு பேக்கரி பூட்டு. துருக்கிக்காரர் காய்கறிக்கடையும் பூட்டு. ஒரு டிராம் போனது, ஓட்டுநரைத் தவிர உள்ளே ஆளே இல்லை. ஊரில் ஏதோ அசம்பாவிதம் நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

நடந்தது இதுதான். 24ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்குக் கடைகளை மூட வேண்டும் என்பது சட்டம். 25, 26 இரண்டு நாளும் நாடு முழுக்கப் பொது விடுமுறை. அந்த வருஷம் 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை இங்கே எப்போதுமே கடை கிடையாது. ஆக வியாழன் மதியம் பூட்டிய கடை திங்கள் காலையில்தான் திறக்கும். என் அறையில் இருந்தது நாலு துண்டு ரொட்டி, அரை டம்ளர் அரிசி, ஒரு வெங்காயம், டீத்தூள். பால் இல்லை.

எனக்கு முன்னால் வந்து மூன்று நான்கு வருஷம் ஆன நம்மவர்கள் ஊரில் இருந்தார்கள். வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லை. அவர்கள் சேர்ந்து வேறு ஊருக்குச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபின் கேட்டதற்கு, "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் ஒருவர். புதிதாக வந்தவனுக்கு எப்படித் தெரியும்? இருபத்தெட்டு வருஷம் ஆகியும் எனக்கு அந்தப் பதில் ஆறவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், நான் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, இந்த 2026லும் அதே நாட்காட்டிதான். டிசம்பர் 25 வெள்ளி. உங்கள் முதல் வருஷமும் என் முதல் வருஷம் மாதிரியே அமைந்திருக்கிறது. 23ஆம் தேதிக்குள் பால், ரொட்டி, முட்டை, காய்கறி எல்லாம் வாங்கி முடித்துவிடுங்கள். 24 காலையில் போனால் வரிசை வாசல்வரை நிற்கும். ஏதாவது விட்டுப்போனால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும் திறந்திருக்கும், விலை கூடுதல். குழந்தையின் காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மருந்துக்கடைகள் முறைவைத்துத் திறந்திருக்கும், அன்று எந்தக் கடை என்பதை மற்றக் கடைகளின் கதவில் ஒட்டியிருப்பார்கள். அது நாலு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

லீவு கேட்டீர்கள். 24ஆம் தேதியும் 31ஆம் தேதியும் சட்டப்படி விடுமுறை இல்லை. சில கம்பெனியில் அரை நாள் விடுவார்கள், சிலர் மொத்தமாக மூடுவார்கள், உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். 25, 26, ஜனவரி 1 மட்டும்தான் உறுதி. ஜனவரி 6 லீவு என்று முனிச்சிலோ ஸ்டுட்கார்ட்டிலோ இருக்கும் நண்பர்கள் சொல்வார்கள். அது பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க், சாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலங்களுக்கு மட்டும்தான், நமக்கு இல்லை. விடுமுறை சனி ஞாயிறில் விழுந்தால் மாற்று நாளும் கிடையாது. அப்புறம், புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஆறு மாதத்தில் முழு வருஷ லீவு உரிமையும் வராது, மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் சேரும். அந்தக் கொஞ்ச லீவை டிசம்பரில் செலவழிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

இங்கே நம்மவர்களில் ஒரு சாரார் இருக்கிறார்கள். டிசம்பர் பதினைந்து ஆனால் பெட்டி கட்டிவிடுவார்கள். வருஷத்திலேயே டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும் வாரம் அது. மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு ஜனவரி முதல் வாரம் முடியும்போது திரும்புவார்கள். அதற்குள் இங்கே ஜன்னல் விளக்குகளையெல்லாம் அவிழ்த்திருப்பார்கள், தேவதாரு மரங்கள் தெரு ஓரத்தில் குப்பையாகக் கிடக்கும். இனி பிப்ரவரி முடியும்வரை வெறும் இருட்டும் சேறும்தான். அதைப் பார்த்துவிட்டு, "செத்த ஊருப்பா, மனுஷங்க முகத்துல சிரிப்பே இல்லை" என்பார்கள். பத்து வருஷமாக இதைச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். விளக்கேற்றும் மாதத்தில் ஓடிப்போய், விளக்கணைத்த மாதத்தில் வந்து இறங்கினால் எந்த ஊரும் அப்படித்தான் தெரியும்.

டிசம்பர் இருபது வாக்கில் கொலோனில் காலை எட்டரைக்குத்தான் விடியும், மாலை நாலரைக்கு இருட்டிவிடும். இந்த ஊர் ஜனங்கள் அந்த இருட்டை எப்படிக் கடப்பது என்று நூற்றாண்டுகளாக ஒரு வழி செய்துவைத்திருக்கிறார்கள். நவம்பர் 11 தொடங்கி ஜனவரி 6 வரை படிப்படியாக ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தப் படிகள் தெரிந்தால்தான் குளிர்காலம் தாங்கும். எனக்குத் தெரிந்துகொள்ள நாலைந்து வருஷம் ஆனது. உங்களுக்கு முதல் வருஷமே தெரியட்டும்.

முதல் படி நவம்பர் 11, மார்ட்டின் திருநாள். மார்ட்டின் 4ஆம் நூற்றாண்டு ரோமானியப் படைவீரர். பிரான்சில் ஆமியேன் நகர வாசலில், கடுங்குளிரில் ஒரு பிச்சைக்காரன் கந்தலோடு உட்கார்ந்திருந்தான். இவரிடம் கொடுக்கக் காசு இல்லை. வாளை உருவித் தன் மேலங்கியை இரண்டாக வெட்டிப் பாதியை அவனுக்குப் போர்த்திவிட்டார். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் நமக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறார்கள் அல்லவா, இங்கே குழந்தைகளுக்கு மார்ட்டின். பிறகு தூர் நகரத்துக்குப் பிஷப் ஆனார். 397 நவம்பர் 11 அன்று அவரை அடக்கம் செய்தார்கள், அந்த நாளே திருநாள். பிஷப் பதவி வேண்டாமென்று அவர் வாத்துக் கொட்டிலில் ஒளிந்தபோது வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்தன என்று ஒரு கதை. அதனால்தான் இன்று வாத்து வறுவல் என்பார்கள். கதை அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அதற்கடுத்து கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு தொடங்கும். குத்தகை கட்டுவதும் பண்ணையாட்கள் வேலை மாறுவதும் அந்த நாளில்தான். கொழுத்த வாத்து குத்தகையாகவும் வரும், நோன்புக்கு முன் விருந்தாகவும் ஆகும்.

கொலோனில் அன்று இன்னொரு கூத்தும் உண்டு. காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் கார்னிவல் பருவம் தொடங்கும். 1998இல் அன்று காலை டிராமில் ஏறினால் கோமாளி, கடற்கொள்ளைக்காரன், தேனீ வேஷம் கட்டிய பெரியவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பழைய நகரப் பக்கம் அன்று குழந்தையோடு போகாதீர்கள், குடியும் நெரிசலும் அதிகம். ஆனால் சாயங்காலம் ஐந்தரைக்கு என் அறை ஜன்னலுக்குக் கீழே பித்தளை வாத்தியச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சிவப்பு மேலங்கி போட்ட ஒருவர் குதிரைமேல் முன்னால் போகிறார். பின்னால் நூறு நூற்றைம்பது குழந்தைகள், ஒவ்வொருத்தர் கையிலும் குச்சியில் தொங்கும் காகித லாந்தர். மஞ்சள் நிலா, முள்ளம்பன்றி, சூரியன் என்று விதவிதமாக. பாடிக்கொண்டே போனார்கள். தெருமுனைத் திடலில் விறகு அடுக்கித் தீ மூட்டினார்கள். கார்த்திகைக்குக் கோவில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவார்கள் இல்லையா, அப்படியே. எங்கள் ஊரில் மலைக்கோட்டை உச்சியில் தீபம் ஏற்றும் நாள் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் படிந்து படிந்து துடைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீழே இறங்கிப் போகவில்லை. அழைக்காத இடத்துக்கு எப்படிப் போவது என்று இருந்துவிட்டேன். அது தவறு. அந்த ஊர்வலத்துக்கு அழைப்பு தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பின்னால் சேர்ந்து நடக்கலாம்.

உங்கள் மகளுக்குக் கிண்டர்கார்ட்டன் இடம் கிடைத்துவிட்டால் அங்கேயே லாந்தர் செய்யச் சொல்வார்கள், பெற்றோரும் ஒரு மாலை போய் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். வேலை இருக்கிறது என்று தட்டிக் கழிக்காதீர்கள். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் இரண்டு ஜெர்மன் நண்பர்கள் அந்தப் பசை மேசையில் கிடைத்தவர்கள்தான். ஊர்வலம் முடிந்து வெக்மான் என்று மனிதன் வடிவில் ஓர் இனிப்பு ரொட்டி கொடுப்பார்கள், கையில் வெள்ளைக் களிமண் பைப் ஒன்றைப் பிடித்திருக்கும். மார்ட்டின் செய்தது போலப் பாதி பிய்த்துப் பக்கத்துக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லிக்கொடுங்கள், ஆசிரியைகள் மகிழ்ந்துபோவார்கள்.

அதற்கப்புறம் ஓர் அமைதி வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறு கொண்ட காத்திருப்புக் காலத்துக்கு அட்வென்ட் என்று பெயர். அதற்கு முந்தைய ஞாயிறு இறந்தவர்களை நினைக்கும் நாள், இந்த வருஷம் நவம்பர் 22. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் 1816இல் புராட்டஸ்டண்ட் சபைக்கு ஏற்படுத்தியது. அன்று கல்லறைகளில் விளக்கு எரியும். அது கழிந்துதான் கிறிஸ்துமஸ் சந்தை திறப்பது முறை. இப்போது சில ஊர்களில் வியாபாரத்துக்காக முன்கூட்டியே திறக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துக்க நாளைத் தாண்டி வரும் விளக்குக்குத்தான் மதிப்பு.

நவம்பர் 29 முதல் அட்வென்ட் ஞாயிறு. ஊசியிலைக் கிளைகளை வளையமாகக் கட்டி நாலு மெழுகுவத்தி வைப்பார்கள். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு, நாலாவது ஞாயிறு நாலும் எரியும். ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்திருந்தேன். இல்லை. 1839இல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். 'இன்னைக்குக் கிறிஸ்துமஸா, இன்னைக்குக் கிறிஸ்துமஸா' என்று பிள்ளைகள் தினமும் அரித்தெடுத்தார்கள். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்தி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவத்தி வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். காத்திருக்கப் பழகாத பிள்ளைக்கு நாளைக் கண்ணால் பார்க்கச் செய்துவிட்டார். இருபத்துநாலு சின்னக் கதவு வைத்த அட்வென்ட் நாட்காட்டியும் அதே நோக்கத்தில் வந்ததுதான், முனிச்சில் கெர்ஹார்ட் லாங் என்ற பதிப்பாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சடித்துப் பரப்பினார். மகளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். டிசம்பர் முதல் தேதி மற்றப் பிள்ளைகள் எல்லாம் முதல் கதவில் என்ன இருந்தது என்று பேசும்போது அவள் மட்டும் விழிக்கக்கூடாது.

டிசம்பர் 6, நிக்கோலவுஸ். இதில் நம்மவர்கள் செய்யும் தவறைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. நிக்கோலவுஸை 'சான்டா' என்று சொல்லிக்கொடுத்து, 24ஆம் தேதி வருவார் என்று குழந்தையை ஏமாற்றிவிடுவார்கள். ஐந்தாம் தேதி இரவு மற்றப் பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் அதில் கொட்டையும் ஆரஞ்சும் சாக்லேட்டும் இருக்கும். நம் குழந்தையின் பூட்ஸ் மட்டும் அலமாரிக்குள் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தப் பிள்ளை, 'நான் கெட்ட பொண்ணா அம்மா?' என்று கேட்டிருக்கிறது. கேட்டபோது என் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

நிக்கோலவுஸ் நிஜமான பிஷப், 4ஆம் நூற்றாண்டு, இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா என்ற ஊர். அவரைப் பற்றிய பழைய கதை ஒன்றைக் கேளுங்கள். ஓர் ஏழைக்கு மூன்று பெண்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லை, பெண்களை விற்கும் நிலைக்கு வந்துவிட்டான். நிக்கோலவுஸ் இரவில் யாருக்கும் தெரியாமல் வந்து ஜன்னல் வழியே பொன் மூட்டையைப் போட்டுவிட்டுப் போனார், மூன்று பெண்ணுக்கும் மூன்று முறை. பூட்ஸில் பரிசு வைக்கும் வழக்கத்தின் வேர் இந்தக் கதைதான். இதை என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். மூன்று அத்தைகளைக் கட்டிக்கொடுத்த வீடு எங்களுடையது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த சாமிக்கும் ஒரு விளக்கு வை" என்றார். இன்றுவரை வைக்கிறேன்.

முன்காலத்தில் பிள்ளைகளுக்குப் பரிசெல்லாம் நிக்கோலவுஸ் நாளில்தான். புராட்டஸ்டண்ட் வழியைத் தொடங்கிய, புனிதர்களை வணங்குவதை எதிர்த்த மார்ட்டின் லூதர், பரிசு தருவது குழந்தை ஏசுவே என்று அதைக் கிறிஸ்துமஸுக்கு மாற்றினார். கிறிஸ்ட்கிண்ட் என்பது அப்படி வந்தது. பிறகு தலைகீழாக ஆனது. கிறிஸ்ட்கிண்ட் இன்று கத்தோலிக்கர் மிகுந்த தெற்கிலும் ரைன் பக்கத்திலும் நிலைத்துவிட்டது, லூதர் வழி வந்த வடக்கில் வைநாக்ட்ஸ்மான் என்ற தாடிக் கிழவர் வருகிறார். கொலோனில் இரண்டும் கலந்து கிடக்கும், பக்கத்து வீட்டில் எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள். நியூரம்பெர்க் சந்தையை வருஷாவருஷம் பொன்னிற அங்கி போட்ட ஓர் இளம்பெண் கிறிஸ்ட்கிண்டாகத் திறந்துவைப்பாள். 2019இல் தேர்ந்தெடுத்த பெண்ணின் தந்தை இந்தியாவில் பிறந்தவர். ஓர் அரசியல் கட்சியின் உள்ளூர்க் கிளை அதை வைத்து அசிங்கமாக எழுதியது. நாடு முழுக்க ஜனங்கள் அந்தப் பெண் பக்கம் நின்றார்கள். அவள் மாடத்தில் நின்று கைகளை விரித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தைக்குக் கட்டாயம் போங்கள். கதீட்ரல் அடியில் இருப்பதைவிட உங்கள் பேட்டையில் இருக்கும் சின்னச் சந்தைக்குப் போங்கள், நாலு முகம் பழகும். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும். சூடான திராட்சை மது வேண்டாமென்றால் கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள், அதில் மது இல்லை. ஸ்டோலன் என்ற கேக்கில் சிலர் ரம்மில் ஊறிய திராட்சை போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு காலத்தில் அதில் வெண்ணெயே கிடையாது. நோன்புக் காலம் என்பதால் எண்ணெயில் பிசைந்த காய்ந்த ரொட்டி. சாக்ஸனி இளவரசர்கள் ரோமுக்கு எழுதி எழுதி, கடைசியில் 1491இல் போப் எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய் சேர்க்க அனுமதிக் கடிதம் அனுப்பினார். சாக்ஸனியின் டிரெஸ்டன் நகரச் சந்தை 1434இலிருந்து நடக்கிறது, ஸ்ட்ரீட்ஸெல் சந்தை என்ற அதன் பெயரே அந்த ரொட்டியின் பழைய பெயர்தான்.

வாங்கித் தின்பதோடு நிற்காதீர்கள். டிசம்பரில் ஒவ்வொரு வீட்டிலும் பிஸ்கட் சுடுவார்கள், தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். இலவங்கப்பட்டை, ஏலக்காய், கிராம்பு, சுக்கு மணக்கும். எல்லாம் நம் பக்கத்துக் கடலைத் தாண்டி வந்த சரக்கு. ஒரு வகைக்கு மிளகுக் கேக் என்றே பெயர், அந்தக் காலத்தில் எல்லா மசாலாவையும் மிளகு என்றுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டில் என் மனைவி முறுக்கும் அதிரசமும் சுட்டுத் தட்டு அனுப்புவாள். தீபாவளிப் பலகாரத் தட்டு எப்படிப் போய் எப்படித் திரும்புமோ அப்படித்தான். வெறும் தட்டு ஒருநாளும் திரும்பியதில்லை. மாடிப்படியில் பார்த்தால் 'ஹலோ' மட்டும் சொல்லும் வீட்டோடு இப்போது எங்களுக்குச் சாவி கொடுத்துவைக்கும் அளவு பழக்கம்.

இனி 24ஆம் தேதி. இங்கே பெரிய நாள் 25 இல்லை, 24 சாயங்காலம்தான். மரத்தில் விளக்கேற்றி, பரிசு பிரித்து, பல வீடுகளில் உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் மட்டும் சாப்பிடுவார்கள். அது நெருங்கிய குடும்பத்துக்கு மட்டுமான நேரம். உங்களை யாரும் கூப்பிடவில்லை என்று வருத்தப்படாதீர்கள். நான் வருத்தப்பட்டேன். கீழ்வீட்டில் அந்த அம்மாவின் மகன், பேரப்பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் மாடிவரை வந்தது. நான் அரை டம்ளர் அரிசியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைப் பொங்கி, வெங்காயத்தை வதக்கிப் பிசைந்து தின்றேன். மறுநாள் மணிச்சத்தத்தைப் பின்பற்றி ஒரு மணி நேரம் நடந்து கதீட்ரலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், உள்ளே கொஞ்சம் கதகதப்பாக இருந்தது. தூரத்தில், பெரிய பீடத்துக்குப் பின்னால் ஏதோ தங்கமாக மின்னியது. குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று அரசர்களின் எலும்பு என்று நம்பி 1164இல் மிலானிலிருந்து கொண்டுவந்ததை வைத்திருக்கும் பேழை அது என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று எனக்கு அது வெறும் வெளிச்சம்.

26ஆம் தேதி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினார் வீட்டுக்கார அம்மா. ஏன் ஜன்னலில் ஒரு விளக்குகூட இல்லை என்று கேட்டார். பிறகு மேசையைப் பார்த்தார். அதன்மேல் ரொட்டித் துண்டு ஒன்றுதான் இருந்தது. ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். வாத்துக் கறி, சிவப்பு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு உருண்டை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதிரே உட்கார்ந்து கைத்துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள்தான் விருந்தாளிகளுக்கான நாள் என்று அன்றுதான் எனக்குச் சொன்னார். நீங்களும் அதை நினைவில் வையுங்கள். யாரையாவது வீட்டுக்கு அழைப்பதானால் 26ஆம் தேதி அழையுங்கள்.

சாப்பிட்ட தெம்பில் மறுநாள் துணி துவைத்து மாடியில் கொடி கட்டிக் காயப்போட்டேன். அந்த அம்மா பதறிக்கொண்டு ஏறிவந்தார். கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி ஆறுக்கும் நடுவில் உள்ள பன்னிரண்டு இரவுகளில் வெள்ளைத் துணி காயப்போடக்கூடாதாம். வானத்தில் ஆவிப்படை ஒன்று வேட்டைக்குப் போகும், கொடியில் சிக்கினால் வீட்டுக்கு ஆகாது, துணி சவத்துணியாகிவிடும் என்றார். எங்கள் பாட்டி விளக்கு வைத்தபின் வீடு கூட்டக்கூடாது என்று அதட்டும் அதே குரல். நான் துணியை எடுத்துவிட்டேன். இன்றைக்கு இளையவர்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை, ஆனால் அந்த வாரத்தை 'ஆண்டுகளுக்கு நடுவில்' என்று எல்லாருமே சொல்கிறார்கள். ஒரு காலத்தில் சில இடங்களில் டிசம்பர் 25இலும் சில இடங்களில் ஜனவரி 6இலும் புத்தாண்டு பிறந்தது, நடுவில் உள்ள நாட்கள் எந்த வருஷத்துக்கும் சொந்தமில்லாமல் நின்றன.

31ஆம் தேதி ஸில்வெஸ்டர், 335இல் அதே நாளில் இறந்த போப்பின் பெயர். பட்டாசு 29, 30, 31 மூன்று நாள்தான் விற்பார்கள். நள்ளிரவில் ரைன் கரையில் நின்றபோது வெடிமருந்து வாசனை மூக்கில் ஏறி, கண்ணை மூடினால் தெப்பக்குளம் தெருவில் தீபாவளி விடியற்காலை. மகளைத் தூரத்தில் நிறுத்துங்கள், கூட்டத்துக்குள்ளேயே கொளுத்துவார்கள். அதைவிட எனக்கு ஜனவரி முதல் வாரம் பிடிக்கும். மூன்று அரசர் வேஷத்தில் பேட்டைப் பிள்ளைகள் ஒரு நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்து பாடி, உலகத்து ஏழைக் குழந்தைகளுக்காகக் காசு சேர்ப்பார்கள். போகும்போது நிலைப்படிக்கு மேல் வருஷத்தையும் மூன்று எழுத்தையும் சுண்ணக்கட்டியால் எழுதுவார்கள். 'கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும்' என்று லத்தீனில் அதற்குப் பொருள். நீங்கள் எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். எங்கள் நிலைப்படியில் மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

இதையெல்லாம் எனக்கு முன்பே, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டவர்கள் ஈழத்தமிழர்கள். 80களில் அகதியாக வந்தவர்கள், திரும்பிப் போக ஊர் இல்லாதவர்கள். அவர்களுக்கு டிசம்பர் டிக்கெட் என்ற பேச்சே இல்லை. பிள்ளைகளை மார்ட்டின் ஊர்வலத்துக்கும் அனுப்பினார்கள், ஹாம் நகரத்தில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோவிலும் கட்டி 2002இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் நம் ஆட்கள் பலர் அவர்களோடு பழகுவதே இல்லை, அது எனக்குத் தீராத குறை. வந்த மாதத்திலேயே ஒருமுறை ஹாமுக்குப் போய் வாருங்கள்.

ஊருக்கு எப்போது போவது? ஜனவரி இரண்டாம் வாரம் போங்கள், பொங்கலுக்கு. டிக்கெட் இறங்கியிருக்கும், இங்கே விளக்கெல்லாம் அவிழ்த்திருப்பார்கள், அங்கே கரும்பு வந்திருக்கும். மகள் பள்ளியில் சேரும்வரை இது முடியும். ஆறு வயதுக்கு மேல் பள்ளி நாளில் கூட்டிப்போக விடமாட்டார்கள், அதனால் இருக்கும் இரண்டு வருஷத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், வந்து வீடு அமைந்ததும் வட்டமான அட்டை டப்பாவில் வரும் கமம்பேர் சீஸ் ஒன்று வாங்குங்கள். சீஸ் பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூடி மேலுக்கும் அடி கீழுக்கும் வைத்து நடுவில் மெழுகுத்தாளைச் சுற்றி ஒட்டினால் அதுதான் லாந்தர். அக்டோபர் கடைசியில் கிண்டர்கார்ட்டனில் கேட்பார்கள்.